அம்பும் குண்டும்: ஊடுருவும் ஆற்றலின் அடிப்படை

அந்தமான் காடுகளில் பன்றி வேட்டையாடும் பழங்குடியினர் தம் அம்புகளில் இறகு கட்டுவதில்லை. முனையிலுள்ள இரும்பின் கனமே அம்பை நேராகச் செலுத்துகிறது. அதன் வேகமோ துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் இராது. இருந்தும் அது பன்றியின் தடித்த தோலையும் தசையையும் துளைத்து உட்செல்வது எவ்வாறு?

ஒரு பொருளின் எடையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது குறுக்குவெட்டு அடர்த்தி ஆகும். ஊடகத்தின் தடை பரப்பைப் பொறுத்தது. அத்தடையை மீறிச் செல்லும் திறன் எடையைப் பொறுத்தது. ஆகவே வேகமும் வடிவமும் ஒத்த இரு பொருள்களுள் இவ்வடர்த்தி மிக்கதே ஆழமாகப் பாயும்.

இந்தியப் போலீசாரிடம் நெடுங்காலம் வழங்கிய .303 துப்பாக்கியை நோக்குவோம். அதன் 174 கிரெயின் குண்டின் எடை ஏறத்தாழ 11.3 கிராம், விட்டம் 7.9 மி.மீ. எனவே சதுர செ.மீ.க்கு 23 கிராம் ஆகிறது. 1910க்கு முன் அதே குழலில் பயன்பட்ட 215 கிரெயின் குண்டுக்கு இவ்வளவு 28 கிராம். வேகம் குறைந்த இப்பழங்குண்டையே பெருவிலங்கு வேட்டைக்காரர் பலர் விரும்பியதில் வியப்பில்லை. இனி, 8 மி.மீ. பருமனும் 40 கிராம் எடையும் கொண்ட அம்பு ஒன்றைக் கொள்க: அதன் அளவு 80 கிராம்! இரும்பு முனை தண்டினும் அகன்றதே. எனினும் மெல்லிய தகடாதலால் அறுத்து வழி செய்கிறது. முனை மழுங்கின் இக்கணக்குப் பயன்படாது.

திட்டுகளின் ஆழமற்ற நீரில் மீன் எய்யும்போது இது மேலும் விளங்கும். நீர் காற்றினும் சுமார் 800 மடங்கு அடர்ந்தது. தடையோ வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. விரைந்து வரும் கூர்ங்குண்டு நீரில் கவிழ்ந்து, தன் அகன்ற பக்கத்தைக் காட்டி விரைவில் வலுவிழக்கும். நீண்டு மெலிந்த அம்பு நேரே செல்லும்.

முற்காலத்தில் சிப்பியும் எலும்பும் முனையாயின. பின்னர் உடைந்த கப்பல்கள் இரும்பு தந்தன. 1981இல் வட சென்டினல் தீவருகே தரைதட்டிய ‘பிரிம்ரோஸ்’ கப்பல் அவற்றுள் ஒன்று. அதே தீவில் 1974இல் படமெடுக்கச் சென்ற குழுவின் இயக்குநர் தொடையில் அம்பு தைத்தது. அம்பு மெதுவானது என்பதால் அதனை எளிதாக மதித்தல் கூடாது. மேலும், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அனுமதியின்றி ஒதுக்கிய பகுதிகளுள் செல்வதைத் தடுக்கிறது.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே கம்பியில் 5 செ.மீ., 10 செ.மீ. நீளத் துண்டுகள் வெட்டி, முனைகளை ஒன்றுபோல் அராவி, ஒரே உயரத்திலிருந்து தாள்குழல் வழியே ஈரக் களிமண்ணில் விழவிடுக. பருமனும் வேகமும் ஒன்றாயிருக்க, நீண்ட துண்டே ஆழமாகப் புதைவதை மாணவர் அளவுகோலால் அளந்தறிவர்.