செங்கண்மாரியும் கீழ்க்காய்நெல்லியும்

மாரி மழை பெய்து ஓய்ந்தபின் வல்வெட்டித்துறையின் ஒழுங்கைகளிலே நடந்து செல்வோர், வேலியோரங்களிலும் கிணற்றடிகளிலும் ஒரு சிறு பூண்டு தழைத்து நிற்பதைக் காண்பர். ஒரு முழத்துக்கு மேல் உயராத செடி. புளியிலையை ஒத்த நுண்ணிய இலைகள். இலைகளின் அடிப்புறத்திலே வரிசையாக, மிளகினும் சிறிய பச்சைக் காய்கள். காய் கீழ்ப்புறத்தே தொங்குதலால் இதற்குக் கீழ்க்காய்நெல்லி என்று பெயரிட்டனர் நம் முன்னோர். தமிழ்நாட்டார் கீழாநெல்லி என்பர். எவருக்கேனும் கண்ணும் நகமும் மஞ்சளித்துச் செங்கண்மாரி கண்டதென்றால், இச்செடியை வேரோடு பிடுங்கி வந்து அரைத்து, பாலிலோ மோரிலோ கலந்து, வைகறையில் வெறுவயிற்றிலே கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். உப்பும் புளியும் எண்ணெயும் மீனும் விலக்கிப் பத்தியம் காப்பதும் அதனோடு சேர்ந்த வழக்கமே. இரண்டு மூன்று கிழமைகளில் மஞ்சள் மறையும். நோயாளி எழுந்து நடமாடுவார்.

இது கண்கூடு. ஆனால் மஞ்சளைப் போக்கியது மருந்துதானா? மஞ்சள் போயிற்று என்றால் நோயும் போயிற்று என்று கொள்ளலாமா? இவ்விரு வினாக்களையும் சென்ற அறுபது ஆண்டுகளில் உலகத்து ஆராய்ச்சியாளர் பலர் துருவி ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளைத் தெரிந்துகொள்ளுதல் நமக்கு உயிர்காக்கும் அறிவாகும்.

முதலில் மஞ்சள் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். நம் வயிற்றின் வலப்புறத்தில் விலாவெலும்புகளின் கீழ் அமைந்திருப்பது ஈரல். வளர்ந்தவர் ஒருவருக்கு அஃது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. உண்ட உணவின் சத்துக்களை ஏற்றுப் பக்குவம் செய்வதும், நஞ்சுகளை முறிப்பதும், கொழுப்பைச் செரிப்பிக்கும் பித்தநீரைச் சுரப்பதும் அதன் தொழில்கள். இரத்தத்திலுள்ள செங்கலங்கள் ஏறக்குறைய 120 நாள்கள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது பிலிரூபின் எனும் மஞ்சட் பொருள் உண்டாகின்றது. ஈரல் அதனை இரத்தத்திலிருந்து வாங்கிப் பித்தநீரோடு கலந்து குடலுக்கு அனுப்பிவிடுகின்றது. ஈரல் அழற்சியுற்றாலோ, பித்தநீர் செல்லும் வழி அடைபட்டாலோ, அம்மஞ்சட் பொருள் இரத்தத்திலே தேங்கிக் கண்ணிலும் தோலிலும் படிகின்றது. சிறுநீர் கறுத்த தேநீர் போலாகின்றது. பசியின்மை, குமட்டல், உணவைக் கண்டாலே வெறுப்பு ஆகியன உடன் வருதலால் பலர் இதனை வயிற்றுக் கோளாறு என்றே முதலில் எண்ணிவிடுகின்றனர்.

ஆகவே செங்கண்மாரி தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். புகையைக் கண்டால் நெருப்பு உண்டெனத் தெரியும். எரிவது அடுப்பா, கூரையா என்பது புகையைக் கண்ட மாத்திரத்தில் தெரியாது. அதுபோலத்தான் இதுவும்.

நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் செங்கண்மாரிக்குக் காரணம் ஈரலழற்சி 'ஏ' எனும் வைரசுக் கிருமி. மலம் கலந்த நீராலும் உணவாலும் இது பரவும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. நிலத்தில் இறங்கும் நீர் கல்லிலுள்ள வெடிப்புகள் வழியே விரைந்து கிணறுகளைச் சேர்கின்றது. மலசல கூடத்தின் குழி கிணற்றுக்கு அண்மையில் இருப்பின் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2009இல் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் நெருக்கமாகத் தங்கியிருந்த முகாம்களில் இந்நோய் பெருகியதையும் நாம் மறக்கவில்லை. எனினும் இக்கிருமிக்கு ஓர் இயல்பு உண்டு. அஃது உடம்பிலே நிலைத்துத் தங்குவதில்லை. மிகச் சிலரை ஆபத்துக்கு உள்ளாக்குமேனும், பெரும்பாலோரிடத்தில் சில கிழமைகளில் உடல் தானே அதனை வென்றுவிடுகின்றது. மருந்து கொடுத்தாலும் மஞ்சள் மறையும், கொடாவிட்டாலும் மறையும்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை பனை நாட்டவராகிய நமக்குப் புதிதன்று. பழம் விழும் பருவத்தில் இருந்தது. காகமும் அவ்வேளையில் வந்தமர்ந்தது. கீழ்க்காய்நெல்லியின் பெரும்புகழில் ஒரு பகுதி இத்தகையதாதல் கூடும். இவ்வாறு கூறுவது நாட்டு வைத்தியத்தை இகழ்வதன்று. யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைக் கண்ட மரபு நம்முடையது. அம்மரபைப் போற்றுவதற்குச் சிறந்த வழி அதனைச் சோதித்துப் பார்த்தலேயாம். அச்சோதனை நடைபெற்ற வரலாற்றைத்தான் இனிச் சொல்லப் புகுகின்றேன்.

அவ்வரலாறு தொடங்குவது வேறொரு கிருமியிலிருந்து. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பரூச் புளூம்பேர்க் என்னும் மருத்துவ அறிஞர், பல நாட்டு மக்களின் இரத்தத்திலுள்ள புரதங்கள் பரம்பரை வழியாக எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1963இல் அவுஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் இரத்தத்தில் அதுவரை அறியப்படாத ஒரு பொருளைக் கண்டார். அதற்கு அவுஸ்திரேலிய அன்டிஜன் என்று பெயரிட்டு 1965இல் வெளியிட்டார். பரம்பரைப் புரதம் என்று முதலில் கருதப்பட்ட அப்பொருள், உண்மையில் ஈரலழற்சி 'பி' எனும் வைரசின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இக்கண்டுபிடிப்பின் பொருட்டு 1976இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

'பி' கிருமி 'ஏ' கிருமியைப் போன்றதன்று. நீரால் பரவாது, இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரிடத்திலேயே நிலைத்து நிற்கும். பச்சிளங் குழந்தைக்குத் தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். தங்கியவர்களிற் பெரும்பாலோருக்கு மஞ்சளும் தோன்றுவதில்லை, வலியும் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் அது ஓசையின்றி ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். ஈரல் தழும்பேறி இறுகும். சிலருக்கு அதுவே புற்றுநோயாக முடியும்.

இத்தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர்கள் தாய்வானில் ஆராய்ந்த பீஸ்லியும் அவருடைய தோழரும் ஆவர். அரசாங்க ஊழியரான 22,707 ஆடவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981இல் அவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். கிருமியைத் தாங்கியவருக்கு ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு, தாங்காதவரைக் காட்டிலும் 223 மடங்கு மிகுதி என்று கண்டனர். ஒரு கிருமி புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று அந்நாளில் அரிது.

இங்கேதான் நம் முற்றத்துச் செடி மறுபடியும் கதைக்குள் வருகின்றது. வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியை நம்மூரவர் இன்றும் பெருமையோடு பேசுவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கீழ்க்காய்நெல்லியின் சாறும் அந்நாட்டின் ஆய்வுகூடத்துள் நுழைந்தது. பிலடெல்பியாவில் புளூம்பேர்க்கும், அவரோடு உழைத்த வெங்கடேஸ்வரன் முதலியோரும், செங்கண்மாரிக்குப் பல நாட்டு நாட்டு வைத்தியங்களில் வழங்கும் பச்சிலைகளைத் தேடி ஆராய்ந்தனர். கீழ்க்காய்நெல்லி இனத்தின் சாறு சோதனைக் குழாயில் வைரசின் வேலையைத் தடுக்கின்றது என்று 1987இல் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு, 1988இல், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தியாகராஜனும் அவர்தம் குழுவினரும், புளூம்பேர்க்கோடு இணைந்து, லான்செற் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழிலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'பி' கிருமியைத் தாங்கியவர்களுள் ஒரு சாராருக்கு இச்செடியின் தூளையும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற போலித் தூளையும் 30 நாள்கள் கொடுத்துப் பார்த்தனர். செடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேலுறை காணாமற் போயிற்று. போலித் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நிகழ்ந்தது. இது தொடக்க ஆய்வே என்று அவர்கள் அடக்கமாகக் கூறியிருந்தனர். ஆயினும் தமிழ் மக்கள் மனம் எத்துணை மகிழ்ந்திருக்கும்! பாட்டிமாரின் மருந்துக்கு உலக மன்றத்தில் முடி சூட்டப்பட்டது போன்ற நாள் அது.

ஆனால் ஓர் ஆய்வின் முடிவு பிறரும் செய்து பார்த்து ஒப்பும் வரை உறுதியாகாது. தாய்லாந்தில் இச்செடியைக் கொடுத்துப் பார்த்தவர்கள், கிருமி அகலவில்லை என்று 1990இல் எழுதினர். பிற நாட்டு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. கீழ்க்காய்நெல்லி எனும் பெயரால் வழங்கும் செடிகள் ஒன்றல்ல என்பதும் ஒரு சிக்கல். உருவத்தால் ஒத்த இனங்கள் பல உள. முடிவாக, 2011இல் கொக்ரேன் நிறுவனத்தார் 1,326 நோயாளிகளை உள்ளடக்கிய 16 ஆய்வுகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தனர். ஈரலழற்சி 'பி'யைத் தனித்து நின்று தீர்க்கும் ஆற்றல் இச்செடிக்கு உண்டு என நம்புவதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. கிருமிகொல்லி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கையில் நன்மை இருக்கலாம் என்ற குறிப்பு உண்டு. அதுவும் திருந்திய ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்படவில்லை.

இதனால் அவ்வுழைப்பெல்லாம் வீணாயிற்றோ என்று கேட்கலாம். வீணாகவில்லை. எண்ணிப் பார்க்காமல் ஏற்பதும் பிழை. எண்ணிப் பார்க்காமல் இகழ்வதும் பிழை. சென்னை அறிஞர் ஏற்கவுமில்லை, இகழவுமில்லை, நிறுத்துப் பார்த்தனர். தராசில் குறைந்தது என்பதும் அறிவே.

புளூம்பேர்க்கின் கண்டுபிடிப்பு வேறொரு வழியாகப் பெரும் பயன் தந்தது. கிருமியின் மேலுறையைக் கொண்டே தடுப்பூசி செய்யலாம் என்று அவரும் மில்மனும் 1969இல் வழி வகுத்தனர். அமெரிக்காவில் 1981இல் தடுப்பூசி ஒப்புதல் பெற்றது. 1984இல் தாய்வான் தன் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அதனை இடத் தொடங்கிற்று. பத்தாண்டுகளுக்குள் அந்நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவரிடையே ஈரற் புற்றுநோய் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது, இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது 0.36 ஆயிற்று. எண் சிறிதுதான். ஆயினும் ஊசி ஒன்றினால் மனிதன் புற்றுநோயைத் தடுத்தான் என்பதற்கு முதற் சான்று அதுவே.

இலங்கையில் 2003 முதல் இத்தடுப்பூசி அரசாங்கத் திட்டத்திற் சேர்க்கப்பட்டுப் படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. இன்று குழந்தைகளுக்கு 2, 4, 6 ஆம் மாதங்களில் இடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் அடங்கும். ஆகவே நம் சிறுவருக்குக் காவல் உண்டு. அதற்கு முன் பிறந்த நம்மிற் பலருக்கு இல்லை. நம் நாட்டில் இக்கிருமியைத் தாங்கியோர் தொகை குறைவே. எனினும் உலகெங்கும் 25 கோடிக்கு மேற்பட்டோர் இதனைத் தாங்கியுள்ளனர் என்று 2022ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனக் கணக்குக் கூறும். கடலோடியாகவும் தொழில் தேடியும் நாடு கடந்து வாழ்வோர் மிகுந்த ஊர் வல்வெட்டித்துறை. இரத்த தானம் செய்யும் வேளையிலோ, வெளிநாட்டுத் தொழிலுக்கான மருத்துவச் சோதனையிலோ இக்கிருமி இருப்பதை முதன்முதலாக அறிந்து திகைப்போர் உண்டு. அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை. தெனோபோவிர், என்ரெகாவிர் ஆகிய மருந்துகள் கிருமியை முற்றாக ஒழிப்பது அரிதேயாயினும், அதனை அடக்கி ஈரலைக் காக்க வல்லன. எவருக்கு எப்போது மருந்து வேண்டும் என்பதை வைத்தியர் இரத்தச் சோதனைகளால் தீர்மானிப்பார். குறித்த காலங்களில் ஒலியலைக் கருவியால் ஈரலைப் பார்த்துவந்தால், புற்றுநோய் தோன்றினும் சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டு, அறுத்தோ சுட்டோ அகற்றலாம். முற்றிய பின் வருவோருக்குச் செய்யக்கூடியது குறைவு.

தெல்லிப்பழையில் இன்று புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்கள் நடந்து, தென்னிலங்கை மக்களும் வடவிலங்கை மக்களும் சேர்ந்து திரட்டிய பொருளால் எழுந்தது அது. அத்தனை பேர் கால் நோக நடந்து கட்டித் தந்த வாயிலை, காலம் கடந்தபின் சென்று தட்டுவதால் பயன் சுருங்கும்.

எனவே நேயர்களே, வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், பரியாரியாரை நாடுவோர் நாடுக. அதனை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னரே வைத்தியசாலைக்குச் சென்று, எந்தக் கிருமி என்பதை இரத்தச் சோதனையால் அறிந்துகொள்ளுங்கள். கருவுற்ற பெண்ணுக்கு மஞ்சள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஈரலழற்சி 'ஈ' எனும் கிருமி அவர்களுக்கு உயிர்க்கேடு செய்ய வல்லது. நோயாளி தடுமாறிப் பேசினாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும் அவ்வாறே. கடும் பத்தியம் என்று பட்டினி போட வேண்டாம். நலிந்த ஈரலுக்கும் உணவு வேண்டும். மதுவை அறவே விலக்குக. கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின் அருந்துக.

கீழ்க்காய்நெல்லி மழைதோறும் நம் வேலியோரத்தில் முளைக்கட்டும். அதன் புகழுக்கு உரியதை அதற்குக் கொடுப்போம். அதனால் இயலாததை அதன் தலைமேல் ஏற்றாதிருப்போம். கண்ணிலிருந்த மஞ்சள் மறைந்துவிட்டது என்று மகிழும் நாளில், இரத்தத்திலும் கிருமி இல்லை என்று கேட்டு அறிந்தபின் மகிழ்வோமாக.