மைனர் காபரேற்றர்: மில்லிமீற்றரும் ரூபாவும்

மொறிஸ் மைனர் 1000இன் 1098 சி.சி. எஞ்சினில் இருப்பது எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேற்றர். காற்று போகும் வாய் 1¼ அங்குலம், அதாவது 31.75 மி.மீ. பெற்றோல் ஏறிவரும் ஜெற்றின் துளை 0.090 அங்குலம், 2.286 மி.மீ. அந்தத் துளைக்குள் தொங்கும் ஊசியின் தலைப்பக்கம் 0.089 அங்குலம். இரண்டு வட்டங்களின் பரப்பையும் கழித்துப் பாருங்கள்: மிஞ்சுவது 0.09 சதுர மில்லிமீற்றர். ஐட்லிங்கில் நிற்கும் கார் ஏறத்தாழ இவ்வளவு சந்துக்குள்ளால்தான் பெற்றோல் குடிக்கிறது.

இனித் தேய்மானம். ஜெற் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஊசி உரசி உரசித் துளை முட்டை வடிவாகிவிடும். விட்டம் சராசரியாக 0.02 மி.மீ. மட்டும் கூடியது என்று வைப்போம். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் பிடிபடாது. ஆனால் சந்து 0.09இலிருந்து 0.16 சதுர மி.மீ. ஆகிறது, 80 வீதம் கூட. ஜெற்றின் கீழேயுள்ள நட்டைச் சுற்றி அதை மேலே ஏற்றி ஐட்லிங்கைச் சரிக்கட்டலாம். ஊசியின் சரிவு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவானதல்ல என்பதால், ஐட்லிங்கில் அடைத்தது ஓட்டத்தில் அடைபடாது. பிளக்கைக் கழற்றினால் கரி பூசிக் கிடக்கும்.

இதுவாவது பெற்றோல் பக்கக் கணக்கு. பெரிய திருட்டு காற்றுப் பக்கத்தில் நடக்கிறது. திறொட்டில் தட்டைத் தாங்கும் தண்டு, காபரேற்றர் உடம்பின் இரண்டு துளைகளில் சுழல்கிறது. ஐம்பது அறுபது வருடம் மிதித்து விட்டதில் அந்தத் துளைகள் அகன்றுவிடும். 8 மி.மீ. தண்டு ஒன்றுக்கு 0.2 மி.மீ. ஆட்டம் என்றால் ஒரு பக்கத்துச் சந்து 2.5 சதுர மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்த்து 5.1. இன்ரேக் குழாயில் இரண்டரை மி.மீ. ட்றில்லால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு அதை மூடாமல் ஓடுவதும் இதுவும் ஒன்றுதான்.

இந்த ஓட்டை எல்லா வேளையும் ஒரே மாதிரிக் கெடுதல் செய்வதில்லை. ஐட்லிங்கில் தட்டு மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும், கள்ளக் காற்றும் பலமாகப் புகும். தட்டு திறந்து ஓடும்போது உறிஞ்சல் குறைந்து, ஒழுக்கு ஒரு பொருட்டே இல்லாமல் போகும். ஐட்லிங் தடுமாறுகிறது என்று நட்டைக் கீழே இறக்கிக் கலவையைத் தடிப்பாக்கினால், நிற்கும்போது கார் அமைதியாக நிற்கும். ஓடும்போது தேவையில்லாத பெற்றோலைக் குடிக்கும். ‘நேற்றுத்தான் ரியூன் பண்ணினது, இன்னும் எண்ணெய் இழுக்குது’ என்று வரும் கார்களில் நான் முதலில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பேன். எஞ்சின் ஓடும்போது தண்டின் முனையில் ஓர் எண்ணெய்த்துளி விட்டாலும் தெரியும்: துளி உள்ளே இழுபட்டு, ஐட்லிங்கின் சத்தமும் ஒரு கணம் மாறும்.

மருந்து கடைச்சல் பட்டறையில் இருக்கிறது. உடம்பின் துளையைப் பெரிதாக்கி, பித்தளைப் புஷ் இறுக்கி, புதுத் தண்டு போட வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடைச்சற்காரர் ஒருவர் இந்த வேலையை ஒரு வசனத்தில் சொன்னார்: ‘தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பில போகவேணும், இல்லாட்டித் தட்டு பிடிக்கும்.’ ஒரு துளையை முடித்துவிட்டு உடம்பைத் திருப்பி மற்றத் துளையைக் கடைந்தால் நேர்கோடு தப்பிவிடும். வேலை தெரியாதவரிடம் கொடுப்பதைவிட ஆட்டத்தோடு ஓடுவது மேல்.

பணக்கணக்குக்கு வருவோம். நல்ல நிலையில் உள்ள மைனர் லீற்றருக்கு 13 கி.மீ. ஓடும் என்றும், தேய்ந்தது 10 ஓடும் என்றும் வையுங்கள். வருடம் 5,000 கி.மீ. ஓடுபவருக்கு 500 லீற்றர் தேவைப்பட்ட இடத்தில் 385 போதும். மிச்சம் 115 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 34,500 ரூபா. தண்டு, புஷ், ஜெற், ஊசி, பக்கிங், கூலி எல்லாம் சேர்த்து 40,000 என்று ஒருவர் கேட்டாலும் 14 மாதத்தில் காசு திரும்பிவிடும். கலியாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே எடுத்து, வருடம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு மிச்சம் 6,900 ரூபாதான். முதல் எடுக்க ஆறு வருடம் செல்லும். அப்படிப்பட்டவருக்கு நான் ஜெற்றையும் ஊசியையும் மட்டும் மாற்றச் சொல்வேன்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு இந்தக் கணக்கையெல்லாம் வேறு கண்ணால் பார்க்க வைத்தது. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல் யூன் கடைசியில் 470 ஆனது. பிறகு பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதில் 10 கி.மீ. கார் 200 கி.மீ. போகும், 13 கி.மீ. கார் 260 போகும். அந்த 60 கி.மீ.யைக் காசு கொடுத்தும் வாங்க முடியாத நாட்கள் அவை.

அதைவிடக் கடுமையான பாடம் 1990இல், போர்க்காலத்தில் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையோடு வந்தது. வடக்கில் பெற்றோல் அரிய பொருளாக, மைனரும் ஒஸ்டின் ஏ40உம் ஏ55உம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது: 803 சி.சி. மைனரில் 7.2, 1098இல் இரண்டு வகை, 8.5உம் 7.5உம். விகிதம் ஏற ஏற மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். எரியாமல் மிஞ்சியது றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. அந்தக் காலத்து எஞ்சின்களை இன்று திறப்பவர் காபரேற்றரோடு நின்றுவிடக் கூடாது.

காசில்லாமல் பார்க்கக்கூடியவையும் உண்டு. காபரேற்றர் பிஸ்ரனின் அடியிலுள்ள துளைகளை அடைத்து, அதை மூடும் கிண்ணத்தோடு தலைகீழாகப் பிடித்தால், கிண்ணம் தன் பாட்டில் வழுகி விழ 3 முதல் 5 செக்கன் எடுக்க வேண்டும். அதற்கு முன் விழுந்தால் தேய்மானம். பிந்தினால் பெரும்பாலும் அழுக்கு. துடைக்கலாம், அரத்தாள் மட்டும் ஆகாது. ஸ்பிறிங்கின் நிறத்தையும் பாருங்கள்: நீலம் 2½ அவுன்ஸ், சிவப்பு 4½, மஞ்சள் 8, பச்சை 12. கைமாறிய கார்களில் எந்த நிறம் உள்ளே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் இருந்தால் பிஸ்ரன் உயர மறுத்து, கலவை எப்போதும் தடிப்பாகவே நிற்கும். கிண்ணத்தின் மேலால் ஊற்றுவது எஸ்.ஏ.ஈ. 20 ஒயில்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நட்டுக்கு வேலை. அதற்கு ஆறு முகம். ஜெற்றைப் பிஸ்ரனுக்குக் கீழேயுள்ள பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பிஸ்ரனை 1/32 அங்குலம், 0.8 மி.மீ. மட்டும் உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடிக்கொண்டே போனால் தடிப்பு, ஒரு முகம் ஏற்ற வேண்டும். தடக்கி நிற்கப் பார்த்தால் மெலிவு, ஒரு முகம் இறக்க வேண்டும். ஒருதரம் இலேசாகக் கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் நட்டை விட்டுவிடலாம். 12இலிருந்து எத்தனை முகம் தள்ளி நின்றது என்பதையும், ஊசியில் பொறித்த எழுத்தையும், ஸ்பிறிங்கின் நிறத்தையும் ஒரு துண்டில் எழுதி பொனற்றின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் அதற்குக் கூலி கேட்கமாட்டார்.