எண்பது வயதில் ஒரு புது ஆல்பம்

(‘மூத்த கலைஞர்களால் புதிதாகப் படைக்க முடியுமா?’ எனும் தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன் பேசிய அன்பர், “வயதான கலைஞர்கள் பழைய பாட்டைப் பாடினால் போதும், புதுப்பாட்டுப் போடப் போனால் இருக்கிற பெயரும் கெட்டுவிடும்” என்றார். நல்ல கைத்தட்டலும் கிடைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால் எடுத்த எடுப்பில் நான் மறுக்கப் போவதில்லை. மீதிப் பாதிக்காகத்தான் எழுந்து நிற்கிறேன்.

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு திருமண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். மேடையில் இசைக்குழு இருக்கும். கீபோர்டு வாசிப்பவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து இசைக்குழுவில் ஆர்மோனியம் பழகி, தோட்டம் கைமாறிய பின் தாமானுக்குக் குடிவந்தவராக இருப்பார். அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். எல்லாம் சினிமாப் பாட்டு. அவரும் குறை சொல்ல முடியாதபடி வாசித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு போவார். “உங்களிடம் சொந்தமாக ஒரு மெட்டு இருக்கிறதா?” என்று அவரிடம் கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேய ராக் குழுவின் கதையைச் சொல்லப் போகிறேன். தமிழ் மன்றத்தில் வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். சற்றுப் பொறுத்தால் இந்தக் கதை ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

குழுவின் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ். உருளும் கற்கள் என்று பொருள். 1962ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கியது. பாடகர் மிக் ஜேகர், கித்தார் வாசிப்பவர் கீத் ரிச்சர்ட்ஸ், இருவரும் 1943இல் பிறந்தவர்கள். டார்ட்ஃபோர்ட் என்னும் சிறிய ஊரில் சிறு வயதிலேயே பழக்கம். இடையில் பிரிந்துபோய், 1961இல் அந்த ஊர் ரயில் நிலையத்தில் மறுபடி சந்தித்தார்கள். ஜேகரின் கையில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் இருந்தன. அந்தத் தட்டுகளைப் பற்றித் தொடங்கிய பேச்சுதான் குழுவானது. பீட்டில்ஸ் 1970இல் கலைந்துவிட்டது. இவர்கள் கலையவில்லை. நம் பக்கத்தில் சிங்கப்பூருக்கு 2003இலும் 2014இலும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நம் அன்பர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டு இவர்கள் ‘எ பிக்கர் பேங்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு சொந்தப் பாடல்களோடு அடுத்த ஆல்பம் வர 18 ஆண்டுகள் ஆயின. அந்த 18 ஆண்டுகளும் சும்மா இருக்கவில்லை. உலகம் சுற்றினார்கள், விளையாட்டரங்குகளை நிரப்பினார்கள். ஆனால் ரசிகர்கள் காசு கொடுத்துக் கேட்க வந்தது அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பாடல்களை. கோடீஸ்வரர்களாக இருந்தாலும் அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. நம் கீபோர்டு அண்ணனுக்குக் கொடுத்த பட்டியலை விட அது பெரிது, வேறு வித்தியாசமில்லை.

புதுப்பாட்டு எழுதாமலும் இல்லை. அவ்வப்போது ஸ்டூடியோவுக்குள் போவார்கள், பத்து நாள் வாசிப்பார்கள், முடிக்காமல் கலைந்துவிடுவார்கள். பணமும் புகழும் இருப்பவர்களுக்கு வரும் நோய் இது. “இதை முடி” என்று சொல்ல ஆளில்லை. அவசரமும் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழு எப்போது புது ஆல்பம் போட்டாலும் மேல்நாட்டுப் பத்திரிகைகள் “பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்” என்று எழுதுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 1989இல் எழுதினார்கள், 1994இல் எழுதினார்கள், 2005இலும் எழுதினார்கள். நம் ஊரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏதாவது ஒரு நடிகர் ‘மீண்டு வந்துவிட்டார்’ என்று போஸ்டர் ஒட்டுவதைப் போலத்தான். ஆகவே 2023இல் மறுபடி அதே பேச்சு வந்தபோது எனக்கும் நம்பிக்கை இல்லை. கேட்ட பிறகுதான் கொஞ்சம் மாறினேன்.

அந்த ஆல்பத்தின் பெயர் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’. 2023 அக்டோபர் 20இல் வெளிவந்தது. ஹேக்னி என்பது லண்டனில் ஒரு பகுதி. இரவில் கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடிவிட்டுப் போனால், சாலையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகள் வைரம் போல மின்னும் அல்லவா? அதை அந்த ஊர்ப் பேச்சில் கிண்டலாக ‘ஹேக்னி வைரம்’ என்பார்கள். அந்தக் கிண்டலையே தலைப்பாக வைத்துவிட்டார்கள்.

அது எப்படி முடிந்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலாவது, ஒரு மரணம். குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24இல் தம் 80ஆவது வயதில் காலமானார். 1963 முதல் ஒரு ஆல்பம்கூட அவர் கை படாமல் வந்ததில்லை. ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்ற நினைப்பை அந்த மரணம் உடைத்துவிட்டது. அவர் முன்பே வாசித்துப் பதிவாகியிருந்த இரண்டு பாடல்களை இந்த ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒன்றில், சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் குழுவை விட்டு விலகிப்போன பேஸ் கித்தார் கலைஞர் பில் வைமனையும் அழைத்து வாசிக்க வைத்தார்கள். பழைய மனக்கசப்பு எதுவாக இருந்தாலும், இறந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வருவதென்றால் வருவார்கள் போலிருக்கிறது.

இரண்டாவது, ஒரு தேதி. ஜேகர் ரிச்சர்ட்ஸிடம் கறாராகச் சொன்னார்: கிறிஸ்துமஸுக்கு முன் பதிவைத் தொடங்குவோம், 2023 பிப்ரவரி 14க்குள் முடிப்போம். 18 ஆண்டுகளாக முடியாதது சில வாரங்களில் உருவெடுத்தது.

மூன்றாவது, ஓர் இளைஞர். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் 1990இல் பிறந்தவர். பாட்டனார் வயதுக்காரர்களிடம் “இது போதாது, மறுபடி வாசியுங்கள்” என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அதைவிட முக்கியம், பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். அவரைப் பரிந்துரைத்தவர் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி. ஒரு பாட்டில் அவரே வந்து பேஸ் கித்தார் வாசித்திருக்கிறார். ரிச்சர்ட்ஸுக்குக் கைவிரல்களில் மூட்டுவாதம். வலி இல்லை, ஆனால் வாசிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று, அதனால் புது வழி ஒன்று கிடைத்தது என்று அவரே பேட்டியில் சொன்னார்.

மொத்தம் 12 பாடல்கள். எல்லாம் முத்து என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் சில பாடல்கள் வழவழவென்று கடந்து போகின்றன, மனதில் நிற்பதில்லை. மெருகு அதிகம் என்று குறை சொன்ன விமர்சகர்கள் அங்கேயும் உண்டு. பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது, 2025இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கியது. விருதை வைத்து நான் பேச வரவில்லை. கடைசி இரண்டு பாடல்களை வைத்துத்தான் பேசுகிறேன். ஒன்றில் லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் சேர்ந்திருக்கிறார்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி எழுகிறது. அதை அடுத்து வரும் கடைசிப் பாட்டுக்காகத்தான் உங்களைக் காக்க வைத்தேன். அதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டும், எண்பது ஆண்டு பின்னோக்கி.

மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டம். அங்கே மரவீட்டில் வாழ்ந்து, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் மாலையில் கித்தார் வாசித்துப் பாடுவார். 1941 ஆகஸ்டில், நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் காரில் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போனார். அந்த இளைஞரைப் பாடவைத்துப் பதிவு செய்து, அவருக்கே போட்டுக் காட்டினார். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகுதான் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, மணிக்குச் சில காசு கூலி கூட்டிக் கேட்டார். மேலாளர் மறுத்தார். அவர் ரயிலேறி சிகாகோ போய்விட்டார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மடி வாட்டர்ஸ்.

கூலி கூட்டிக் கேட்டதும் மறுத்ததும் பீடோங் பக்கத்திலோ பாடாங் செராய் பக்கத்திலோ நடந்ததைப் போல இல்லையா? ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அடிமை வரலாறு வேறு, நம்முடைய ஒப்பந்தக் கூலி, கங்காணி வரலாறு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. பாட்டு பிறந்த இடம் மட்டும் ஒன்று: விடியுமுன் எழுந்து, பிறருடைய மரத்துக்கும் செடிக்கும் உழைத்துவிட்டுத் திரும்பிய மனிதர்களின் வாசல்.

மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயர்தான் ‘ரோலின் ஸ்டோன்’. லண்டன் இளைஞர்கள் தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்தது அதிலிருந்துதான். 1981இல் சிகாகோவின் ஒரு சிறிய கேளிக்கை விடுதியில் அவரோடு ஒரே மேடையில் பாடினார்கள். 1983இல் அவர் மறைந்தார். இருந்தும் தங்களுக்குப் பெயர் கொடுத்த அந்தப் பாட்டை அறுபது ஆண்டுகளாக எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் அவர்கள் பதிவு செய்யவில்லை. ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான். டிரம்ஸ் இல்லை, விருந்தினர் இல்லை. ஜேகரின் குரலும் மௌத் ஆர்கனும், ரிச்சர்ட்ஸின் ஒரே ஒரு கித்தாரும். ரயில் நிலையத்தில் தட்டோடு சந்தித்த இரண்டு பையன்கள் எண்பது வயதில் உட்கார்ந்து வாசிப்பதைப் போல இருக்கிறது.

இது தற்செயல் அல்ல. 2015 இறுதியில் புதுப்பாட்டுப் பதிவு செய்யப் போய், கை வராமல் திணறினார்கள். கை சூடேறட்டும் என்று பழைய புளூஸ் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தார்கள். அப்படியே மூன்றே நாளில் 12 பழைய பாடல்கள் பதிவாகிவிட்டன. அது 2016இல் ‘புளூ அண்ட் லோன்சம்’ என்ற ஆல்பமாக வந்தது. முதலில் ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள், பிறகுதான் சொந்தப் பாட்டுக்குத் தெம்பு வந்தது. என் கணிப்பு இது. மரணமும் தேதியும் இளைஞரும் கதவைத் திறந்தார்கள், உள்ளே போகத் தெம்பு கொடுத்தது அந்தத் தோட்டத்துப் பாட்டு.

நமக்கு அப்படிப்பட்டவர்கள் இல்லையா என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கிலேயே இருந்தார்கள். அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களைத் தெரியாத மலேசியர் உண்டா? தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டார்கள். 2007இல் லோகநாதன் மறைந்த பிறகும் டேவிட் அந்தப் பெயரோடு மேடையேறினார்.

நம் தோட்டங்களில் தாலாட்டு இருந்தது, தெம்மாங்கு இருந்தது, ஒப்பாரி இருந்தது. பிரட்டுக்குப் போகிற வழியில் பாடியது, கித்தா மரத்தைப் பார்த்துப் பாடியது, கிராணியைக் கேலி செய்து பாடியது என்று எத்தனையோ. உறுமி மேளம் மட்டும் தைப்பூசத்தின் புண்ணியத்தால் இளைஞர் கையில் உயிரோடு இருக்கிறது. மற்றவை? கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பாடியவர்கள் தாமான்களுக்குச் சிதறிப் போனார்கள். மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டை எடுத்துக் கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் லயத்தில் ஒன்றையாவது அப்படி எடுத்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதெல்லாம் கிழவிகள் பாட்டு, மேடைக்கு ஆகுமா?” என்று அதோ ஓர் அன்பர் கேட்கிறார். ஐயா, அந்தப் பருத்தித் தோட்டத்துப் பாட்டையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

நெறியாளர் மணியை அடித்துவிட்டார். ஒரு நிமிடம் கொடுங்கள். கோலக்கெட்டில் பக்கம் ஒரு திருமணத்தில், நான் சொன்னேனே, அப்படி ஒரு கீபோர்டு அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணே, உங்களுக்கு முதலில் தெரிந்த பாட்டு எது?” என்று கேட்டேன். சினிமாப் பாட்டு ஒன்றைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க அம்மா பாடினது” என்றார். விடியக்காலை இருட்டில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போகும்போது, அழாமல் இருக்கப் பாடிக்கொண்டே தூக்கிப் போவாராம். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் மேடையைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு மூன்று நிமிடம் அந்த மெட்டை வாசித்துக் காட்டினார். நடுவில் ஓர் இடத்தில் அவரே புதிதாக ஏதோ சேர்த்தார், தெளிவாகத் தெரிந்தது. “இது அம்மா பாடினதா, நீங்க போட்டதா?” என்றேன். “பாதி பாதி தம்பி” என்று சிரித்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பட்டியலோடு வந்து, அடுத்த பாட்டு எட்டாம் நம்பர் என்றார்.