ஒன்றும் நடக்காத ஒரு நாளைப் படமெடுப்பது எப்படி?

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதியும், வவுனியாவில் அதே மாதம் 24ஆம் திகதியும் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கொட்டகைகளில் எத்தனையோ ஆயிரம் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டிருக்கும். அவற்றையெல்லாம் ஒரு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால், வருடத்தில் நான்கைந்து நாட்களில் மட்டும் எடுத்தவை போலத்தான் இருக்கும். போராட்டத்தின் ஆண்டு நிறைவு, ஜெனீவா கூட்டத்தொடர் தொடங்கும் நாள், ஓகஸ்ட் 30, யாராவது தூதுவரோ அமைச்சரோ வந்துபோகும் நாள். நானும் அந்த நாட்களில்தான் போயிருக்கிறேன். மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழும் தாயின் படம் என்னிடமும் இருக்கிறது. ஆசிரியர்கள் கேட்பதும் அதைத்தான்.

ஒருமுறை கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "தம்பி, நீங்கள் வாற நாளிலதான் இஞ்ச சனம் இருக்கும். மற்ற நாளில ஒருக்கா வந்து பாருங்கோ. ஒண்டும் நடக்காது. அதையும் எடுங்கோவன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஒன்றும் நடக்காததை எப்படிப் படமெடுப்பது? ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதற்கு நேர்மாறானது. ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'தீர்க்கமான கணம்' வரும்வரை காத்திரு, வந்ததும் அழுத்து. காத்திருப்பையே படமெடுக்கவேண்டும் என்றால் எந்தக் கணத்தில் அழுத்துவது?

விடை என் பழைய நிக்கோன் கமராவுக்குள்ளேயே இருந்தது. வாங்கி நான்கு வருடங்களாக நான் திறந்தே பார்க்காத ஒரு மெனு: இன்டர்வல் டைமர் ஷூட்டிங். தமிழில் இடைவெளிப் படப்பிடிப்பு என்று சொல்லலாம். கணத்தைத் தெரிவுசெய்யும் வேலையை நம்மிடமிருந்து எடுத்துக் கடிகாரத்திடம் கொடுத்துவிடும் வசதி அது. எப்போது தொடங்குவது, எத்தனை விநாடிக்கு அல்லது நிமிடத்துக்கு ஒரு தடவை எடுப்பது, மொத்தம் எத்தனை தடவை எடுப்பது என்ற மூன்றையும் கொடுத்துவிட்டால், கமரா தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். அழகான கணம், அழுகைக் கணம் என்ற பாகுபாடெல்லாம் அதற்குத் தெரியாது.

மெதுவாக நடக்கும் ஒன்றைச் செய்திப் படத்தால் காட்டமுடியாது என்ற பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலொக் 2007இல் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் ஐஸ் சேர்வே' என்ற திட்டத்தில், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா போன்ற இடங்களில் பாறைகளில் கமராக்களைப் பொருத்தி, பகல் வெளிச்சத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு படம் என்று பனியாறுகளை எடுக்கவைத்தார்கள். ஒரு பனியாறு பின்வாங்குவதை நேரில் நின்று பார்க்கமுடியாது. வருடக்கணக்கான படங்களை அடுக்கினால் பார்க்கலாம். 2012இல் வெளிவந்த 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படம் இதைப் பற்றியதுதான். பனியாறுக்கும் ஏ9 வீதியோரத் தறப்பாள் கொட்டகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டிலும் நடப்பது, பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாத வேகத்தில் நடக்கிறது.

ஆகவே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, அம்மாக்களிடம் முதல்நாளே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, விடியற்காலை ஒரு கொட்டகைக்குப் போனேன். எந்த ஊர்க் கொட்டகை, எந்த வருடம் என்று இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

முதலில் கணக்கு. காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை 12 மணித்தியாலம், அதாவது 720 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் 720 படங்கள். 10 விநாடிக்கு ஒன்று என்றால் 4,320. முகில் ஓடுவதையோ சந்தையில் சனம் நடமாடுவதையோ எடுப்பவர்கள் சில விநாடி இடைவெளிதான் வைப்பார்கள். இருக்கும் இடத்தைவிட்டு அசையாதவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். கமராவின் ஆயுளையும் யோசிக்கவேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் இடைத்தரக் கமராக்களின் ஷட்டர் ஒரு இலட்சம், ஒன்றரை இலட்சம் தடவைகள் வரைதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒரு நாளில் 4,000 தடவை என்றால், ஒரு மாதத்தில் புதுக் கமரா ஒன்று தேவைப்படும்.

24 மெகாபிக்சல் கமராவில் நல்ல தரத்து ஜேபெக் ஒன்று ஏறக்குறைய 10 எம்.பி. வரும். 720 படத்துக்கு 7 ஜி.பி.யைத் தாண்டும். ரோ கோப்பாக எடுத்தால் இரண்டு, மூன்று மடங்கு. 32 ஜி.பி. கார்ட் ஒன்று ஒரு நாளுக்குப் போதும். பற்றரிதான் போதாது. இரண்டாவது பற்றரி கட்டாயம் தேவை. மாற்றிய பிறகு படப்பிடிப்பு திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டதா என்று மெனுவைத் திறந்து பார்க்கவேண்டும். நான் பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கப் போய் 22 நிமிடங்களை இழந்தேன்.

அடுத்து ஃபோக்கஸ். இதை ஓட்டோவில் விடக்கூடாது. ஃபோக்கஸ் பிடிபடாவிட்டால் நிக்கோன் அந்தத் தடவை படமெடுக்காமலே விட்டுவிடும். வீதியில் போகும் பஸ்ஸுக்கு ஃபோக்கஸ் ஓடினால் கொட்டகை மங்கிப்போகும். ஒருமுறை சரிபார்த்து மனுவலுக்கு மாற்றிவிட்டால் பிறகு தொடத்தேவையில்லை. வெளிச்சம் வேறு கதை. எல்லாவற்றையும் மனுவலில் வை என்று இணையக் காணொளிகளில் சொல்வார்கள். வானத்தைப் படம்பிடிக்க அது சரி. விடியற்காலை இருட்டில் வைத்த அளவு பத்து மணிக்கெல்லாம் தறப்பாளை வெறும் வெள்ளையாக்கிவிடும். துவாரத்தின் அளவை மட்டும் நிலைநிறுத்தி ஷட்டர் வேகத்தைக் கமராவிடம் விட்டேன். படத்துக்குப் படம் வெளிச்சம் துள்ளாமல் மட்டுப்படுத்தும் வசதி சில நிக்கோன் மாதிரிகளில் அதே மெனுவில் இருக்கிறது. நிற அமைப்பை, வைட் பலன்ஸ் என்பதை, பகல் வெளிச்சத்துக்கு நிலைநிறுத்தினால் காலையின் நீலமும் மாலையின் மஞ்சளும் அப்படியே இருக்கும். ஓட்டோ அவற்றைக் கழுவித் துடைத்துவிடும்.

பலர் மறந்துவிடும் சிறிய விடயம் ஒன்று. கமராவுக்குப் பின்னால் நம் கண் இல்லாதபோது, பார்க்கும் துவாரத்தின் வழியாக வெயில் உள்ளே புகுந்து ஒளி அளவீட்டைக் குழப்பும். கறுப்பு ரேப் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் இந்தத் தொல்லை கிடையாது.

நிக்கோனில் 3000 வரிசையைத் தவிர்த்துப் பெரும்பாலான மாதிரிகளில் இந்த மெனு இருக்கிறது. கனொனில் 2014இல் வந்த 7டி மார்க் 2இலிருந்து சில மாதிரிகளுக்கு வந்தது. 700டி, 1300டி போன்றவற்றில் இல்லை. ஆனால் இடைவெளி நேரம் குறிக்கும் வயர் ரிமோட் ஒன்றைச் செருகினால் அதே வேலை நடக்கும். சோனி ஏ7 மூன்றாம் தலைமுறைக்கு 2019இல் மென்பொருள் மேம்படுத்தலோடு கொடுத்தார்கள்.

கமராவில் இதற்குப் பக்கத்திலேயே 'டைம்-லாப்ஸ் மூவி' என்று இன்னொரு தெரிவும் இருக்கக்கூடும். தொலைபேசியில் இருப்பதும் அதுதான். அதை எடுக்காதீர்கள். அது படங்களைக் கோத்து ஒரு காணொளியாகத் தந்துவிட்டு, தனித்தனிப் படங்களைச் சேமிக்காது. தனிப் படம் இல்லையென்றால் அதற்குள் எழுதப்படும் நேரமும் இல்லை. நமக்கு வேண்டியது அந்த நேரம்தான். ஆகவே தொடங்குமுன் கமராவின் கடிகாரத்தைச் சரிசெய்து, முதல் படமாகத் தொலைபேசியில் ஓடும் கடிகாரத்தையே எடுத்துவையுங்கள். நாளைக்கு யாராவது இந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேட்டால் காட்டுவதற்கு.

எல்லாம் முடிந்து இரவு வீட்டுக்கு வந்து, 698 படங்களையும் கணினியில் கோத்து, விநாடிக்கு 25 என்று ஓடவிட்டுப் பார்த்தேன். 28 விநாடி. நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியது. தறப்பாள் நடுங்கியது. அம்மாக்கள் பொம்மைகள் போலத் தலையைத் துடிக்கவைத்தார்கள். ஒருவர் எழும்பிப் போய்த் திரும்பி வந்தது சிரிப்புக்காட்சி மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டு மணித்தியாலம் அவர்கள் இருந்த இருப்பை நான் 28 விநாடியாக்கிவிட்டேன். பூ விரிவதற்கும் கட்டடம் எழும்புவதற்கும் இந்த உத்தி நல்லது. அங்கே காத்திருப்பு யாருக்கும் வேண்டாதது. இங்கே காத்திருப்பைத்தான் காட்டவேண்டும். காணொளி அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறது.

அதனால் காணொளியைக் கைவிட்டேன். பதிலாக, ஒரு தாளுக்கு 60 சிறு படங்கள் என்று கட்டம் கட்டமாக அடுக்கினேன். ஒரு தாள் ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு தாள்கள். இப்போது கண்தான் ஓடவேண்டும், படம் ஓடாது. இரண்டாவது தாளில் வெறும் கதிரைகள்தான். பிறகு ஒரு அம்மா, பிறகு இரண்டு. சுவரில் தொங்கும் பிள்ளைகளின் படங்களை ஒருவர் துணியால் துடைக்கிறார். அதற்கு ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தன் பிள்ளையின் படத்தைக் கடைசியில். நேரில் நின்றபோது இதை நான் கவனிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் பிரிபடுகிறது. நான்கு பேருக்கு இரண்டு பார்சல். அதன் பிறகு முப்பத்தெட்டுக் கட்டங்களுக்கு ஒரு அம்மா வீதியைப் பார்த்தபடியே இருக்கிறார். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் கழுத்து சற்று நீள்கிறது. பஸ் போன கட்டத்தில் திரும்பிவிடுகிறது. இதை ஒரு படத்தில் காட்டமுடியாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். முன்பு சொன்ன அதே அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் தாளாகப் பார்த்தார். ஒன்பதாவது தாளில் விரலை வைத்தார்.

"இந்தப் பிள்ளை ஆர் எண்டு தெரியுமோ?"

பிற்பகல் 2.14 மணிக்கு ஒரு இளம்பெண் வந்து ஓரத்தில் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். 2.24இற்குப் பிறகு இல்லை. பதினொரு கட்டங்கள். அந்த நேரம் நான் நிழலுக்கு ஒதுங்கியிருந்தேன். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கமரா ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

"அவள் அரசாங்க வேலை. தமையன்ரை விசயமா எப்பவாவது வந்து இருந்திட்டுப் போவாள். வாறது ஒருத்தருக்கும் தெரியாது. அவள் படத்தில வரப்படாது தம்பி."

கொட்டகைகளுக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சீருடை இல்லாதவர்கள் படமெடுத்துக்கொண்டு போவதை இதை வாசிக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வேண்டியதும் இதேதான்: யார் வந்தார், எத்தனை மணிக்கு, யாருக்குப் பக்கத்தில் இருந்தார், எப்போது போனார். அதை நான் நிமிடக் கணக்கோடு செய்து கார்டில் வைத்திருந்தேன். சாதாரணப் படத்தில் தப்பிக்கொள்பவர்களும் இடைவெளிப் படப்பிடிப்பில் தப்பமாட்டார்கள். முக்காலியில் பூட்டிவிட்டு நாம் விலகியதும் அது கண்காணிப்புக் கமராதான். இப்போதெல்லாம் கொட்டகை வாசலில் 'இன்று கமரா ஓடுகிறது' என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன். சட்டகத்தையும் வாசல் தெரியாதபடி, உள்ளே இருப்பவர்களின் முதுகுப்பக்கமாகவோ கைகளோடு நிறுத்தியோ வைக்கிறேன். படைமுகாம், சோதனைச்சாவடி எதுவும் பின்னணியில் விழாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆவணப்படுத்தல் பற்றிய எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்வது, மூலக் கோப்பைத் தொடாதே, ஒன்றையும் அழிக்காதே என்பதுதான். தொடரில் ஒரு படம் இல்லாவிட்டாலும் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். அது சரியான விதி என்று இன்றும் நினைக்கிறேன். முகத்தை மங்கலாக்கிய பிரதியை வெளியிட்டு மூலத்தைப் பத்திரப்படுத்தலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் மூலம் எங்கே பத்திரமாக இருக்கும்? என் வீட்டு மேசை லாச்சியில்.

பதினொரு படங்களையும் கணினியிலும் பிரதியிலும் அழித்தேன். கார்டில் 'டிலீட்' கொடுத்தால் போதாது. பெயர்ப்பட்டியலிலிருந்துதான் எடுபடும், மீட்கும் மென்பொருளால் திரும்ப எடுத்துவிடலாம். மற்றவற்றைப் பிரதியெடுத்துவிட்டு, கார்டை ஃபோமற் செய்து, அது நிரம்பும்வரை வெறும் சுவரைப் படமெடுத்தேன். அதற்கும் இன்டர்வல் டைமரைத்தான் பயன்படுத்தினேன்.

ஒன்பதாவது தாளைத் திரும்ப அச்செடுத்தபோது மென்பொருள் மிச்சப் படங்களை முன்னால் தள்ளி இடைவெளியை மூடப்பார்த்தது. விடவில்லை. 2.14இலிருந்து 2.24வரை பதினொரு கட்டங்களும் வெள்ளையாக இருக்கின்றன. 2.25இல் அந்த அம்மா தனியாக இருக்கிறார். பக்கத்துக் கதிரை அவரை நோக்கிச் சற்றுத் திரும்பியபடி இருக்கிறது.