எல் அண்ட் டி எதைத் தயாரிக்குது? பவானி பம்பிங் ஸ்டேஷன்ல இருந்து ஒரு பார்வை

பிளேஸ்மென்ட் சீசன் வந்தா நம்ம கேம்பஸ்ல அடிக்கடி அடிபடுற பேரு எல் அண்ட் டி. 2025 ஜனவரில அதோட தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேர வேலை பத்திப் பேசினது ஊரெல்லாம் மீம் ஆச்சு. நிறைய பேருக்கு அந்தக் கம்பெனியைப் பத்தித் தெரிஞ்சது அவ்வளவுதான். சரி, ஒரு சின்னக் கேள்வி. இந்தியாவோட மிகப் பெரிய கட்டுமானக் கம்பெனி சிமென்ட் தயாரிக்குதா? கம்பி தயாரிக்குதா? ரெண்டும் இல்ல. அப்புறம் எப்படி அது முதலிடத்துல இருக்கு? இதுக்குப் பதில் தெரிஞ்சா, வேலைக்குப் போறவங்களுக்கும் நல்லது, வீட்ல பட்டறையோ லாரியோ வெச்சிருக்கிறவங்களுக்கும் நல்லது. உதாரணத்தை நம்ம பவானில இருந்தே எடுத்துக்கலாம்.

நம்ம ஊர் உதாரணம்: அத்திக்கடவு – அவிநாசி

பவானி காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து உபரி நீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்கள்ல இருக்கிற 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போறதுதான் அத்திக்கடவு – அவிநாசி திட்டம். சுமார் 60 வருஷக் கோரிக்கை. 2019ல அடிக்கல் நாட்டினாங்க. 2024 ஆகஸ்ட் 17 அன்னிக்கு முதல்வர் தொடங்கி வெச்சார். செலவு சுமார் ரூ.1,916 கோடி. இதைக் கட்டிக் கொடுத்தது எல் அண்ட் டி.

வருஷத்துக்கு 1.5 டிஎம்சி தண்ணி. அதாவது நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க: 250 × 86,400 × 70. சரியா 1.5 டிஎம்சி பக்கத்துல வரும். தண்ணி பள்ளத்துல இருந்து மேட்டுக்குப் போகணும். அதனால பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர்னு ஆறு இடத்துல பம்பிங் ஸ்டேஷன். பிரதானக் குழாய் 100 கி.மீ.க்கு மேல. அதுல இருந்து குளங்களுக்குப் பிரியுற கிளைக் குழாய் 950 கி.மீ.க்கு மேல.

இப்ப ஒரு இன்ஜினியரா இந்த லிஸ்ட்டை யோசிங்க. இரும்புக் குழாய், எச்டிபிஇ குழாய், பெரிய பம்ப், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, சென்சார், ஸ்காடா, சிமென்ட், கம்பி, ஜல்லி, எம்-சேண்ட். கூடவே வெல்டர், ஃபிட்டர், ஜேசிபி, டிப்பர். இதுல பெரும்பாலானது வேற யாரோ செஞ்சது, வேற யாரோ கொண்டு வந்தது. குழாய் வந்து சேர்ந்த அன்னிக்குப் பள்ளம் தோண்டி ரெடியா இருக்கணும். அந்தப் பள்ளம் ஒரு விவசாயியோட நிலத்து வழியா போகும். அவருக்கு இழப்பீடு வரலைன்னா வேலை அங்கேயே நிக்கும். இத்தனை பேரையும் ஒரே தேதிக்குள்ள கட்டி இழுக்கிறதுதான் எல் அண்ட் டி விக்கிற சரக்கு.

சிமென்ட்டை வித்த கட்டுமானக் கம்பெனி

ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் டூப்ரோன்னு ரெண்டு டென்மார்க் இன்ஜினியர்கள் 1938ல பம்பாய்ல ஆரம்பிச்ச கூட்டு நிறுவனம் இது. கட்டுமானப் பிரிவோட தலைமையகம் நம்ம சென்னை மணப்பாக்கத்துல இருக்கு.

ஒரு காலத்துல எல் அண்ட் டி சிமென்ட்னு மூட்டையே வந்துச்சு. அந்தத் தொழிலைப் பிரிச்சு 2004ல ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கொடுத்தாங்க. அதுதான் இப்ப அல்ட்ராடெக். 2008ல ரெடிமிக்ஸ் கான்கிரீட் தொழில் லஃபார்ஜ் கம்பெனிக்குப் போச்சு. 2020ல சுவிட்ச்கியர் தொழில் ஷ்னைடர் கம்பெனிக்குப் போச்சு. இதுல நம்ம பக்கம் ஒரு வேடிக்கை இருக்கு. பவானிக்குப் பக்கத்துல சங்ககிரில இந்தியா சிமென்ட்ஸ் ஆலை இருக்குல்ல? 2024 டிசம்பர்ல இந்தியா சிமென்ட்ஸையே அல்ட்ராடெக் வாங்கிடுச்சு. எல் அண்ட் டி வித்த சிமென்ட் தொழில் சுத்தி வந்து நம்ம ஊர்ப் பக்கமே நிக்குது.

ஏன் வித்தாங்க? சிமென்ட் ஆலை வெச்சா சூளை எரிஞ்சுகிட்டே இருக்கணும். விலை இறங்கினாலும் செலவு நிக்காது. கட்டுமானத்துக்கு வேணுங்கிற சிமென்ட்டை எந்த ஆலைல இருந்தும் வாங்கிக்கலாம். அதே சமயம், எல்லாத்தையும் வெளிய விட்டுடவும் இல்ல. மின்கோபுரத் தொழிற்சாலை புதுச்சேரில இருக்கு. கோவை மலுமிச்சம்பட்டி வளாகத்துல வால்வு தயாரிப்பு, பாதுகாப்புத் துறை வேலையெல்லாம் நடக்குது. சந்தைல சுலபமா கிடைக்கிறதை வாங்கிக்கிறாங்க. தரம் தப்பினா திட்டமே கெட்டுப் போகும்ங்கிற சிலதை மட்டும் கைல வெச்சுக்கிறாங்க.

முதலிடம் எப்படி நிலைக்குது?

2024-25 நிதியாண்டுல எல் அண்ட் டி குழுமத்தோட வருமானம் ரூ.2,55,734 கோடி. 2025 மார்ச் கடைசில கைல இருந்த ஆர்டர் புக் ரூ.5,79,137 கோடி. புதுசா ஒரு ஆர்டர்கூட வராட்டியும் ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை இருக்குன்னு அர்த்தம். வருமானத்துல ஐடி, நிதி கம்பெனிகளோட பங்கும் சேர்ந்திருக்கு. அதைக் கழிச்சா ஆர்டர் இன்னும் நிறைய நாளைக்கு வரும். ஆர்டர் புக்ல 46% வெளிநாடு, அதுல பெரும்பங்கு மத்திய கிழக்கு. அங்க எண்ணெய் விலை சரிஞ்சா இங்க ஆட்டம் தெரியும். இந்தப் பக்கம் அரசு செலவு குறைஞ்ச வருஷத்துல அதுவே தாங்கியும் பிடிக்கும்.

பெரிய டெண்டர்ல கலந்துக்கவே தகுதி வேணும். இதே மாதிரி வேலையை இதே அளவுல முன்னாடி முடிச்சிருக்கணும், இவ்வளவு டர்ன்ஓவர் இருக்கணும், பேங்க் கியாரண்டி கொடுக்கணும். மும்பை – அகமதாபாத் புல்லட் ரயில்ல 237 கி.மீ. நீளத்துக்கு ரூ.24,985 கோடி மதிப்புல ஒரே பேக்கேஜ் 2020ல எல் அண்ட் டி-க்குப் போச்சு. அந்த அளவு வேலைக்கு நிக்கக்கூடிய கம்பெனிங்க நாட்டுல விரல் விட்டு எண்ணுற அளவுதான். ஒரு பெரிய வேலையை முடிச்சா அடுத்த பெரிய வேலைக்குத் தகுதி வருது. புதுசா வர்றவங்களுக்கு இந்த ஏணில முதல் படி ஏறுறதுதான் கஷ்டம்.

இவ்வளவு பெருசா இருந்தும் லாபம் எவ்வளவு தெரியுமா? அதே வருஷம் நிகர லாபம் ரூ.15,037 கோடி. கேட்கப் பெரிய தொகை. ஆனா 100 ரூபாய் வருமானத்துக்கு 6 ரூபாய்கூட முழுசா இல்ல. கம்பி விலை கொஞ்சம் ஏறினாலோ, ஆறு மாசம் நிலம் கிடைக்காம தள்ளிப் போனாலோ அந்த 6 ரூபாய் கரைஞ்சிடும். அதனாலதான் கான்ட்ராக்ட்ல விலை ஏற்றத்துக்கு ஈடு கேட்கிற ஷரத்தைத் தேடித் தேடிப் படிக்கிறாங்க.

சங்கிலில நாம எங்க இருக்கோம்?

பவானி ஜமக்காளம் எப்படி ஓடுதுன்னு பார்த்திருப்பீங்க. ஆர்டர் எடுக்கிறவர் ஒருத்தர். நூலை வாங்கி, சாயம் போட்டு, தறிக்காரங்ககிட்ட கொடுப்பார். அவங்க நெஞ்சு கொடுத்து கூலி வாங்குவாங்க. பெரிய கட்டுமானக் கம்பெனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆர்டர், டிசைன், முக்கியப் பொருள் கம்பெனி பொறுப்பு. சைட்ல வேலை சப்-கான்ட்ராக்டர் கைல. அவருக்குக் கீழ ஆள் கொண்டு வர்ற மேஸ்திரி. அவருக்கும் கீழ பீகார்ல இருந்தோ ஒடிசால இருந்தோ ரயில் ஏறி வந்த தொழிலாளி.

அந்தக் கடைசிக் கண்ணிதான் இப்பப் பெரிய பிரச்சனை. ஒரு நேரத்துல 4 லட்சம் தொழிலாளர்கள் வேணும்னா, விட்டுட்டுப் போறவங்களால வருஷத்துக்கு 16 லட்சம் பேரை எடுக்க வேண்டியிருக்குன்னு 2025 பிப்ரவரில சுப்ரமணியனே சொன்னார். குழாயை ஸ்டாக் பண்ணலாம். வெல்டரை ஸ்டாக் பண்ண முடியாது.

கொங்குப் பக்கம் இந்தச் சங்கிலில நடுவுல நிறைய பேர் இருக்காங்க: கோவை ஃபவுண்டரி, ஈரோடு ஃபேப்ரிகேஷன் பட்டறை, சங்ககிரி – நாமக்கல் லாரி, திருச்செங்கோடு ரிக். இவங்களுக்கு ஆர்டர் கிடைக்கிறதைவிட பெரிய கேள்வி, காசு எப்ப வரும்ங்கிறதுதான்.

ஒரு பட்டறைக் கணக்கு

ஒரு சின்ன பட்டறை ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்கு ரூ.10 லட்சத்துக்கு பிராக்கெட் செஞ்சு அனுப்புதுன்னு வெச்சுக்குங்க. லாபம் 5%, அதாவது ரூ.50,000. இரும்பு வாங்க பேங்க்ல 12% வட்டிக்கு ஓடி. எளிமைக்காக முழு பில் தொகைக்கும் வட்டி போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் வட்டி சுமார் 329 ரூபாய். 45 நாள்ல காசு வந்தா வட்டி சுமார் ரூ.14,800. மிச்சம் ரூ.35,000. 120 நாள் ஆச்சுன்னா வட்டி சுமார் ரூ.39,500. மிச்சம் பத்தாயிரம்தான். இதுக்கு நடுவுல, காசு கைக்கு வந்தாலும் வராட்டியும், அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியைக் கட்டியாகணும். பட்டறை நல்லா ஓடுது, ஆனா கைல காசு இல்லைன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான்.

மேல இருக்கிற கம்பெனிக்கும் இதே வலி உண்டு. அரசு பில் பாஸ் ஆகணும், ரிட்டென்ஷன் தொகை கடைசி வரைக்கும் பிடிச்சு வெச்சிருப்பாங்க. எல் அண்ட் டி வருமானத்துல 100 ரூபாய்க்கு எவ்வளவு வொர்க்கிங் கேபிடலா முடங்கியிருக்குன்னு பார்த்தா, 2024 மார்ச்ல 12 ரூபாய், 2025 மார்ச்ல 11 ரூபாய். ஒரு ரூபாய் குறைஞ்சதுக்கே முதலீட்டாளர்கள் சந்தோஷப்பட்டாங்க. ஆனா பெரிய கம்பெனிக்குத் தாமதம்னா ஒரு சதவீதக் கணக்கு. பட்டறைக்கு அது அடுத்த மாசச் சம்பளம்.

சட்டம் இங்க சின்னவங்க பக்கம்தான் இருக்கு. 2006ம் வருஷ எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல காசைத் தள்ளக் கூடாது. ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா, ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டோட மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023-24ல இருந்து வருமான வரிச் சட்டத்துலயும் ஒரு பிடி வந்துச்சு: கெடுவுக்குள்ள கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம் வரைக்கும் செலவா காட்ட முடியாது. ஆனா நடைமுறைல, அடுத்த ஆர்டர் போயிடுமோங்கிற பயத்துல வட்டியைக் கேட்கிறவங்க கம்மி.

நீங்க என்ன பண்ணலாம்?

வீட்ல பட்டறை இருந்தா, முதல்ல உத்யம் பதிவு இருக்கான்னு பாருங்க. அது இல்லாம 45 நாள் பேச்சே எடுபடாது. பில்லுல உத்யம் எண்ணைப் போடச் சொல்லுங்க. அடுத்து டிரெட்ஸ். வாங்குற கம்பெனி உங்க பில்லை அதுல ஏத்துக்கிட்டா, பேங்குங்க ஏலம் கேட்டு, கொஞ்சம் தள்ளுபடி எடுத்துக்கிட்டு உடனே காசு கொடுக்கும். வாங்கினவங்க பேங்குக்குப் பிறகு கட்டிக்குவாங்க. டர்ன்ஓவர் ரூ.250 கோடிக்கு மேல இருக்கிற கம்பெனிங்க அதுல சேரணும்னு இப்ப விதி. ஆர்டர் எடுக்கும்போதே “டிரெட்ஸ்ல பில் போடுவீங்களா?”ன்னு கேட்கலாம். தப்பே இல்ல.

வேலைக்குப் போறவங்களுக்கு: கட்டுமானக் கம்பெனின்னா சைட்ல ஹெல்மெட் போட்டு நிக்கிறது மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. பிளானிங், புரொக்யூர்மென்ட், வெண்டர் இன்ஸ்பெக்ஷன், கான்ட்ராக்ட்ஸ்னு இந்தச் சங்கிலியைக் கட்டி வெச்சிருக்கிற வேலைகளுக்கு மெக்கானிக்கல், இஇஇ ஆளுங்களும் வேணும். சிவில், எலக்ட்ரிக்கல் ஃபைனல் இயர்ல இருக்கிறவங்க எல் அண்ட் டி-யோட பில்ட் இந்தியா ஸ்காலர்ஷிப்பையும் பாருங்க. ஐஐடி, என்ஐடில கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட் எம்.டெக் படிக்க அது வழி.

நாளைக்கு உங்கள்ல யாராவது புரொக்யூர்மென்ட் சீட்ல உட்காரலாம். உங்க டேபிளுக்கு ஒரு ஃபவுண்டரி பில் வரும். அதைப் பாஸ் பண்ண ஒரு வாரம் தாமதமானா அந்தப் பக்கம் எத்தனை 329 ரூபாய் போகுதுன்னு உங்களுக்கு இப்பத் தெரியும். சரியா இருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க.