சிறையிலிருந்து வெளிவந்த பத்திரிகை

பிழைப்பை நாடிக் கல்கத்தா வந்து வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர், ஹைக்கோர்ட்டின் உயர்ந்த கோபுரத்தைக் காணாதிருத்தல் அரிது. அக்கட்டிடம் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, இந்நகரில் நீதிக்கும் ஆட்சிக்கும் பத்திரிகைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் ஒன்றுண்டு. அதனை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

1774-ல் இங்கே சுப்ரீம் கோர்ட் ஏற்பட்டது. கம்பெனி உத்தியோகஸ்தரின் அக்கிரமங்களுக்கு அது கடிவாளமாக அமையும் என்றே மக்கள் நம்பினர். மறு ஆண்டே, கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் மீது இலஞ்சக் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார், பழைய கள்ளப் பத்திர வழக்கொன்றில் சிக்கி, 5-8-1775 அன்று தூக்கிலிடப்பட்டார். பிரதம நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். ஊரார் ஐயுற்றதில் வியப்பில்லை.

பின்னர் கோர்ட்டுக்கும் கம்பெனிக்குமே பகை மூண்டது. காசிஜோரா ஜமீன் வழக்கில் கோர்ட்டு அனுப்பிய ஆட்களைக் கம்பெனியின் சிப்பாய்கள் மறித்துச் சிறைப்பிடித்தனர். இப்பூசல் தீர்ந்த விதந்தான் விந்தை! 1780 அக்டோபரில், சதர் திவானி அதாலத் என்னும் கம்பெனி நீதிஸ்தலத்தின் தலைமையும், மாதம் சுமார் 5,000 ரூபாய் சம்பளமும் இம்பேக்கு அளிக்கப்பட்டன. ஆட்சியைக் கண்டிக்க வேண்டியவர் அதனிடமே ஊதியம் பெறுபவரானார்.

இதைக் கண்டித்து எழுதியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்னும் ஐரிஷ்காரர். கடனால் முன்பே சிறை கண்ட அவர், 29-1-1780 சனிக்கிழமையன்று இந்தியாவின் முதற் பத்திரிகையான 'பெங்கால் கெஜட்'டைத் தொடங்கினார். அதில் வம்பும் வசையும் மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஹேஸ்டிங்ஸின் போர்களை அது துணிந்து கண்டித்தது. ஹைதரலியின் படை நம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனிப் படையை நிர்மூலமாக்கிய காலம் அது. பாலங்களையும் கரைகளையும் பழுதுபார்க்கும் குத்தகை உறவினருக்குப் போனதைச் சுட்டி, இம்பேக்குப் 'பூல்பந்தி' என்று பட்டப்பெயரும் சூட்டிற்று.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 1780 நவம்பரில் கெஜட்டைத் தபாலில் அனுப்பலாகாது எனத் தடை விதித்தது. நம்மைப் போன்று ரெயில்வேயில் தபால் மூட்டைகளை அன்றாடம் காண்போர்க்கு இத்தடையின் கொடுமை நன்கு விளங்கும். மூட்டையில் ஏறாத தாள் வெளியூருக்கு ஊமைத் தாளேயன்றோ! ஹிக்கி ஆள் வைத்து நகரில் வழங்கினார்.

1781 ஜூனில் நான்கு அவதூறு வழக்குகள் நடைபெற்றன. நீதியாசனத்தில் வீற்றிருந்தவர் அதே இம்பே! ஹிக்கி சிறை புகுந்தார். சிறையிலிருந்தும் பத்திரிகையை நடத்தினார். 30-3-1782 அன்று கோர்ட்டு ஆணைப்படி அச்செழுத்துக்கள் பறிமுதலாயின. ஏலத்தில் அவற்றை வாங்கியது போட்டிப் பத்திரிகையான 'இந்தியா கெஜட்'.

அவ்வாண்டே, கம்பெனிப் பதவியை ஏற்றமைக்காகப் பார்லிமெண்ட் இம்பேயைத் திரும்ப அழைத்தது. 1788-ல் குற்றச்சாட்டுகளை மறுத்து அவர் வாதாடினார். காமன்ஸ் சபை வழக்கைக் கைவிட்டது. ஹிக்கி வறுமையுற்று 1802-ல் மாண்டார்.

இம்பே கறைபட்டவரா அல்லரா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுவர். நாம் கருத வேண்டுவது வேறு. ஆட்சியின் கையால் உண்ணும் நீதிபதி நேர்மையாகவே தீர்ப்பளித்தாலும், அதனை நம்புவார் யார்? நீதித்துறையை நிர்வாகத்தினின்று பிரித்து வைக்குமாறு நம் அரசியல் சட்டத்தின் 50-ஆம் ஷரத்து கூறுவது வெறும் சம்பிரதாயம் அன்று. அதன் அருமையை, வேறெவரையும்விடக் கல்கத்தாவாசிகள் அறிதல் வேண்டும்.