3.5 யார் வாங்கிக் கொடுத்தது? முஸ்லிம் அமைப்புகளின் போட்டியில் தர்மபுரிக்கு என்ன இருக்கிறது?

தர்மபுரியில் உள் ஒதுக்கீடு என்றாலே 10.5 தான். வன்னியர்களுக்கான அந்தச் சட்டம் 2021-ல் வந்ததும், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்ததும் இங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 2007-ல் வந்து இன்றுவரை நிற்கும் இன்னொரு உள் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திலிருந்து முஸ்லிம்களுக்குப் பிரித்துக் கொடுத்த 3.5. விண்ணப்பத்தில் 'பிசிஎம்' என்று இருக்குமே, அதுதான்.

அதை வாங்கிக் கொடுத்தது யார்? சண்டையே இங்கதான்.

1995-ல் தொடங்கிய தமுமுக, 2004-ல் உடைந்தது. பி.ஜைனுல் ஆபிதீன் தலைமையில் பிரிந்தவர்கள் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தை ஆரம்பித்தார்கள். தேர்தலில் நிற்க மாட்டோம், ஆதரவு மட்டும் தருவோம் என்பது இவர்கள் நிலை. இட ஒதுக்கீடு வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஆனாலும் 2006 தேர்தலில் தவ்ஹீத் ஜமாஅத் அதிமுக பக்கம், தமுமுக திமுக பக்கம். ஜெயித்த திமுக அடுத்த ஆண்டே 3.5 கொடுத்தது.

2011-ல் அப்படியே இடம் மாறினார்கள். தமுமுகவின் அரசியல் கட்சியான மமக, அதிமுக கூட்டணியில் ராமநாதபுரம், ஆம்பூரில் வென்றது. தவ்ஹீத் ஜமாஅத் திமுகவை ஆதரித்தது. கோட்டையில் யாரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்பதுதான் போட்டி என்று அப்போதே புரிந்துபோனது.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தது, 1948-ல் காயிதே மில்லத் தொடங்கிய இந்திய யூனியன் முஸ்லிம் லீக். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணியில் லீக், மமக இரண்டுமே இருந்தன. மமக உதயசூரியனில் நின்று பாபநாசம், மணப்பாறை இரண்டையும் ஜெயித்தது. லீக் தன் ஏணியை விடாமல் மூன்றிலும் தோற்றது. நமக்குப் பக்கத்து வாணியம்பாடியும் அதில் ஒன்று. அன்றைக்கு மமகதான் புத்திசாலி என்று தோன்றியது. ஆனால் ஆறு ஆண்டுகளாகக் கட்சியாகப் போட்டியிடவில்லை என்று சொல்லி, 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் அதன் பதிவையே நீக்கியது. லீக்கோ 2024-ல் ஏணியிலேயே ராமநாதபுரம் எம்.பி. தொகுதியைத் தக்கவைத்தது. அந்த எம்.பி. நவாஸ் கனிதான் அதே ஆண்டு வக்பு வாரியத் தலைவரானார்.

சரி, தர்மபுரிக்கு என்ன? மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் எதிலும் முஸ்லிம் ஓட்டு மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது. அதனால் சீட் பேரத்தில் நம் ஊர் பெயர் அடிபடாது. இங்கே வந்து சேர்வது வாரியமும் ஒதுக்கீடும்தான். வக்பு கடைகளின் வாடகை, முத்தவல்லி பதவி, அடக்கஸ்தல நிலம் என எதில் தகராறு வந்தாலும் வாரியத்துக்கும் அதில் பங்கு இருக்கும். வாரியத்தில் யார் செல்வாக்கு என்பது அப்போது முக்கியமாகிவிடும்.

ஒதுக்கீட்டுக் கணக்கு இன்னும் எளிது. 3.5 சதவீதம் என்றால் 200 பணியிடங்களுக்கு 7. பாலக்கோட்டில் உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஏழு, எட்டு ஆகுமா என்பதுதான் கேள்வி. அதை உயர்த்தச் சொல்லி எல்லா அமைப்புகளும் கேட்கின்றன, தனித்தனி மேடை போட்டு.